லிங்க் பில்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் விற்பனை செய்கிறவர்களுக்குத் தேடல் சார்ந்த வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். லிங்க் பில்டிங், அதாவது மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு லிங்க் வரவைப்பது, என்று பேச்செடுத்தாலே, யாராக இருந்தாலும் ஏறத்தாழ இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், வில்லங்கமானவை கடைசியில். உதாரணம் தேவைப்பட்ட இடங்களில் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் ஒரு கற்பனைத் தளத்தை எடுத்துக்கொண்டேன்.

பேக்லிங்க் பேக்லிங்க் என்கிறார்கள். அப்படி என்றால் என்ன, அது கூகுளுக்கு எதற்கு?

இன்னொருவர் தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க்தான் பேக்லிங்க். கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1998இல் வெளியிட்ட கட்டுரையில் பேஜ்ரேங்க் என்ற கணக்கை விளக்கினார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை லிங்க் வருகிறது என்று எண்ணுவதோடு அது நிற்கவில்லை. லிங்க் கொடுக்கும் பக்கத்துக்கே எவ்வளவு மதிப்பு என்றும் பார்த்தது. அந்தப் பக்கம் தன் மதிப்பை, தான் லிங்க் கொடுக்கும் எல்லாப் பக்கங்களுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. ஆகவே நூறு லிங்க் குவிந்து கிடக்கும் பக்கத்தில் நீங்களும் ஒரு வரியாக இருப்பதைவிட, நாலைந்து லிங்க் மட்டும் உள்ள நல்ல பக்கத்தில் இருப்பது மேல்.

இன்னொரு பயனும் உண்டு. புதுப் பக்கங்களைக் கூகுள் பெரும்பாலும் லிங்க் வழியாகத்தான் கண்டுபிடிக்கிறது. சைட்மேப் (தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியல்) கொடுத்தாலும், எங்கிருந்தும் லிங்க் இல்லாத பக்கத்தை அது அவ்வளவாக மதிப்பதில்லை.

கன்டென்ட் நன்றாக இருந்தால் போதும், லிங்க் காலமெல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்களே?

பாதி உண்மை. 2016இல் கூகுளைச் சேர்ந்த ஒருவர், தரவரிசையைத் தீர்மானிப்பவற்றில் கன்டென்டும் லிங்கும்தான் முதல் இரண்டு என்று சொன்னார். 2023இல் அதே கூகுளின் கேரி இல்யஸ், லிங்கை மக்கள் அளவுக்கு மீறி மதிக்கிறார்கள், அது முதல் மூன்றில்கூட இல்லை என்றார். இரண்டு பேச்சையும் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு கட்சி கட்டிவிட்டார்கள்.

நடைமுறையில் பார்த்தால் விஷயம் எளிது. போட்டி குறைவான தேடலுக்கு ஒரு லிங்கும் இல்லாமலே முதல் பக்கத்தில் வரலாம். ஆனால் ஒரே பொருளைப் பத்துப் பேர் விற்கிறார்கள், பத்துப் பேருடைய பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான் என்னும்போது, யாரை மேலே வைப்பது என்று கூகுளுக்கு வேறு சாட்சி வேண்டும். அங்கே லிங்க் இன்னும் பேசுகிறது. விற்பனை சார்ந்த தேடல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைதான்.

"பொருத்தமான லிங்க்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். எதை வைத்துப் பொருத்தம் என்கிறீர்கள்?

பலரும் தளத்தை மட்டும் பார்க்கிறார்கள். சைக்கிள் தளத்திலிருந்து வந்தால் பொருத்தம், மற்றதெல்லாம் பொருத்தமில்லை என்று நினைக்கிறார்கள். அது போதாது. லிங்க் இருக்கும் பக்கம் எதைப் பற்றிப் பேசுகிறது, லிங்கைச் சுற்றியுள்ள வரிகள் என்ன சொல்கின்றன, லிங்க் கட்டுரைக்கு நடுவில் இருக்கிறதா அல்லது பக்கத்தின் அடியில் கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கூகுள் 2004இல் விண்ணப்பித்து 2010இல் பெற்ற ஒரு காப்புரிமை, எல்லா லிங்குக்கும் ஒரே மதிப்பு கிடையாது என்று விவரிக்கிறது. வாசிப்பவர் எதை அழுத்த வாய்ப்பு அதிகம் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறலாம். லிங்க் இருக்கும் இடம், எழுத்தின் அளவு, லிங்கில் உள்ள சொற்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

நான் கடைசியாகப் பார்ப்பது, ஆனால் எனக்கு முக்கியமானது, அதை அழுத்தி வருகிறவர் யார் என்பதுதான். நீண்ட தூரம் சைக்கிளில் போகிற ஒருவர், வழியில் டயர் கிழிந்தால் எந்த அளவு டயரைத் தேடி வாங்குவது என்று எழுதி, உங்கள் அளவு அட்டவணைக்கு லிங்க் கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்தத் தளத்துக்கு மாதம் சில நூறு பேர்தான் வருவார்கள். ஆனால் லிங்கை அழுத்துகிற ஒவ்வொருவருக்கும் டயர் வேண்டும். பல லட்சம் பேர் வந்துபோகும் பொழுதுபோக்குத் தளத்தின் ஓர் ஓரத்தில் உங்கள் பெயர் இருந்தால், அதை அழுத்துகிறவர் யார்?

கூகுளின் பழைய வழிகாட்டியிலேயே ஒரு கேள்வி இருந்தது: தேடுபொறிகளே இல்லாவிட்டாலும் இதைச் செய்வீர்களா? லிங்க் விஷயத்தில் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. கீழே வரும் பல பதில்களில் இந்தக் கேள்விக்கே திரும்பி வருவேன்.

மாதம் எத்தனை லிங்க் வேண்டும்?

எண்ணிக்கை கிடையாது. ஒரே தளத்திலிருந்து ஐம்பது லிங்க் வருவதைவிட, பொருத்தமான ஐந்து தளங்களிலிருந்து ஒவ்வொன்று வருவது மேல் என்பது வரைக்கும்தான் உறுதியாகச் சொல்லலாம். "மாதம் இவ்வளவு" என்று யாராவது உறுதி கொடுத்தால், அந்த லிங்குகள் எல்லாமே அவர் கையில் இருக்கும் தளங்களிலிருந்து வருகின்றன என்று பொருள். மற்றவர்கள் மனதார எத்தனை லிங்க் கொடுப்பார்கள் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

டிஏ 50க்கு மேல் உள்ள தளங்களில் மட்டும் வாங்கச் சொன்னார்கள். சரியா?

டிஏ என்பது ஒரு தளத்தின் பலத்துக்கு மாஸ் என்ற நிறுவனம் போடும் மதிப்பீடு. டிஆர் என்பது ஏரெஃப்ஸ் நிறுவனத்துடையது. இரண்டும் 100க்கு இத்தனை என்று ஒரு எண்ணைக் காட்டும். கூகுள் இந்த இரண்டையும் பயன்படுத்துவதில்லை. கூகுளின் சொந்த பேஜ்ரேங்க் எண் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் கூகுள் டூல்பாரில் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. 2016இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அதை வைத்துத்தான் லிங்க் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. எண் போனதும் அந்த இடத்துக்கு டிஏ வந்துவிட்டது.

இரண்டு தளங்களை அவசரத்துக்கு ஒப்பிட அந்த எண் உதவும். ஆனால் அதைச் செயற்கையாக ஏற்றுவது எளிது. ஏற்றிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணைப் பார்க்கும் நேரத்தில் அந்தத் தளத்தின் நான்கு பக்கங்களைப் படித்துப் பாருங்கள். சூதாட்டம், கடன், எடைக் குறைப்பு, செல்லப் பிராணி என்று சம்பந்தமே இல்லாத கட்டுரைகள் வரிசையாக வந்து, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு லிங்க் இருந்தால், டிஏ 80 ஆனாலும் வேண்டாம்.

கிடைத்த லிங்க் நோஃபாலோ. அப்படியென்றால் வீண்தானே?

இல்லை. கருத்துப் பெட்டிகளில் குவிந்த குப்பை லிங்குகளைச் சமாளிக்க 2005இல் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த குறி அது. "இந்த லிங்குக்கு நான் பொறுப்பில்லை" என்று தேடுபொறியிடம் சொல்வது. 2019 செப்டம்பரில் கூகுள் இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்தது: காசு கொடுத்த லிங்குக்கு ஸ்பான்சர்ட், வாசகர்கள் போடுவதற்கு யுஜிசி. அதிலிருந்து இந்த மூன்றையும் கட்டளையாக எடுக்காமல், குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னது. அதாவது, கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் கூகுளே முடிவு செய்யும்.

அதெல்லாம் இருக்கட்டும். வாசிப்பவருக்கு நோஃபாலோ கண்ணுக்கே தெரியாது. அவர் அழுத்துவார், வருவார், வாங்குவார். பெரிய செய்தித் தளம் ஒன்று உங்களைப் பற்றி எழுதி நோஃபாலோ போட்டால், அதை மாற்றச் சொல்லி அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். சிலர் அனுப்புகிறார்கள்.

ஆங்கர் டெக்ஸ்டில் கீவேர்டு வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

ஆங்கர் டெக்ஸ்ட் என்பது லிங்காக அழுத்தக்கூடிய சொற்கள். கீவேர்டு என்பது மக்கள் கூகுளில் தேடும் சொல். அதற்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. "பரிதாபமான தோல்வி" என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்களைக் கூகுளில் தேடினால், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்த காலம் இருந்தது. அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்களே கிடையாது. பலர் பேசிவைத்துக்கொண்டு அந்தச் சொற்களால் லிங்க் கொடுத்திருந்தார்கள். 2003இல் தொடங்கிய இந்தக் கூத்தைக் கூகுள் 2007இல்தான் அடைத்தது.

அதே உத்தியை விற்பனைக்குப் பயன்படுத்தியவர்கள் 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசைக் கணக்கில் செய்த பென்குயின் என்ற மாற்றத்தில் அடிபட்டார்கள். "மலிவு விலை சைக்கிள் டயர் வாங்க" என்ற ஒரே சொற்றொடர் இருபது தளங்களில் இருந்தால், அது தானாக வந்ததல்ல என்று எவரும் சொல்லிவிடுவார். இயல்பாக லிங்க் கொடுக்கிறவர்கள் உங்கள் பெயரையோ, முகவரியையோ, "இந்த அட்டவணை" என்பது மாதிரியோதான் போடுவார்கள். கேட்காதீர்கள். கீவேர்டு ஆசை இருந்தால் உங்கள் தளத்துக்குள்ளேயே கொடுக்கும் லிங்குகளில் தீர்த்துக்கொள்ளுங்கள், அதற்குத் தடையில்லை.

எங்கள் தளம் புதிது, யாருக்கும் எங்களைத் தெரியாது. முதல் லிங்க் எங்கிருந்து கிடைக்கும்?

உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்களிடமிருந்து. நீங்கள் யாரிடமிருந்து சரக்கு எடுக்கிறீர்களோ, அந்தத் தயாரிப்பாளர் தளத்தில் விற்பனையாளர் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா? இருந்தால் லிங்க் இருக்கிறதா? தொழில் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் உறுப்பினர் பட்டியல். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் நிறுவனம் வாடிக்கையாளர் அனுபவங்களை வெளியிடுமானால் அங்கே ஒன்று. நீங்கள் பேசிய நிகழ்ச்சி, ஆதரவு தந்த குழு, பேட்டி கொடுத்த இடம். இவை எல்லாம் நிஜ உறவுகள். தேடுபொறி இல்லாவிட்டாலும் செய்வீர்களா என்ற அளவுகோலில் வைத்துப் பார்த்தாலும் தேறும்.

அடுத்தது, பெயர் மட்டும் வந்து லிங்க் வராத இடங்கள். உங்கள் நிறுவனப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே உங்களைப் பாராட்டி எழுதியவரிடம், "படிக்கிறவர்கள் நேராக வர வசதியாக ஒரு லிங்க் சேர்க்க முடியுமா" என்று கேட்பது, முன்பின் தெரியாதவரிடம் கேட்பதைவிட எவ்வளவோ எளிது. உங்கள் படத்தையோ வரைபடத்தையோ எடுத்துப் போட்டிருப்பவர்களும் இதே வகைதான். சண்டை போடாமல் லிங்க் கேளுங்கள்.

மூன்றாவது, செத்த லிங்குகள். உங்கள் துறையில் மூடிப்போன தளங்கள் இருக்கும். அவற்றுக்கு லிங்க் கொடுத்த பக்கங்கள் இன்னும் "பக்கம் இல்லை" என்று சொல்லும் 404க்குத்தான் ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கும். அங்கே முன்பு என்ன இருந்தது என்பதை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பார்க்கலாம். அதைவிட நல்லதாக ஒன்று உங்களிடம் இருந்தால் மட்டும் எழுதிக் கேளுங்கள். பொறுமை வேண்டிய வேலை.

பொருள் விற்கிற பக்கத்துக்கு யார் சார் லிங்க் கொடுப்பார்கள்?

யாரும் கொடுக்க மாட்டார்கள். இதை ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. விலையும் "வாங்கு" பொத்தானும் மட்டும் உள்ள பக்கத்துக்கு லிங்க் கொடுத்து, எழுதுகிறவருக்கு என்ன லாபம்? தன் வாசகருக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டும், அதைத் தானே எழுத நேரமில்லை என்னும் இடத்தில்தான் ஒருவர் வெளியே லிங்க் கொடுக்கிறார். அந்த இடத்தை நீங்கள் நிரப்ப வேண்டும்.

சைக்கிள் டயரையே எடுத்துக்கொள்வோம். 26 அங்குலம் என்று எழுதியிருக்கும் எல்லா டயரும் ஒன்றல்ல. மலைச் சைக்கிளின் 26 அங்குல டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 x 1 3/8 என்று போட்டிருக்கும் பழைய வகைக்கு அது 590. ஒன்று மற்றதில் ஏறாது. இன்னொரு பக்கம், 29 அங்குலம் என்பதும் 700சி என்பதும் பெயர்தான் வேறு, இரண்டுக்கும் 622. தவறாக வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். இதை ஒரு தெளிவான அட்டவணையாக, டயரின் ஓரத்தில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்ற படத்தோடு போட்டால், பழுது பார்ப்பது பற்றி எழுதும் எவரும் அதற்கு லிங்க் கொடுக்கத் தயங்க மாட்டார். அதுதான் லிங்க் ஈர்க்கும் பக்கம். "சைக்கிளின் பத்து நன்மைகள்" அல்ல.

உங்கள் துறையில் இப்படி என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க, வாடிக்கையாளர்கள் அனுப்பிய கேள்விகளையும் திருப்பி வந்த பொருள்களின் காரணங்களையும் எடுத்துப் படியுங்கள். கணக்குப் போடும் கருவி, அளவுப் பட்டியல், எது எதோடு பொருந்தும் என்ற தகவல், நீங்களே சோதித்து எடுத்த அளவீடுகள் எல்லாம் இதில் அடங்கும். உங்கள் விற்பனைப் பதிவிலிருந்து மட்டுமே எடுக்கக்கூடிய தகவல் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அதற்கு வேறு யாரையும் மேற்கோள் காட்ட முடியாது.

சரி, லிங்க் எல்லாம் அட்டவணைக்குப் போகிறது. டயர் விற்கிற பக்கத்துக்கு என்ன பலன்?

அதற்குத்தான் உள் லிங்க். அட்டவணையில் 559 என்ற வரிசைக்குப் பக்கத்திலேயே, அந்த அளவு டயர்கள் உள்ள பிரிவுக்கு ஒரு லிங்க் கொடுங்கள். வெளியிலிருந்து வந்த மதிப்பு அதன் வழியாக விற்பனைப் பக்கத்துக்குப் போகும். சந்தேகம் தீர்ந்த ஆளும் அதே வழியில் போவார். முதல் பதிலில் சொன்ன பங்கு போடும் கணக்கு இங்கும் உண்டு. ஆகவே அட்டவணையில் இருந்து எழுபது பக்கங்களுக்கு லிங்க் இறைக்காதீர்கள்.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு: லிங்க் என்பது முகவரியோடு கூடிய சாதாரண லிங்காக இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் இயங்கும் பொத்தானைக் கூகுள் பின்தொடர்ந்து போகும் என்று நம்ப முடியாது. அழகாக வடிவமைத்த தளங்களில் இது அடிக்கடி அடிபடுகிறது.

மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்துவிட்டோம், ஒருவரும் பதில் போடுவதில்லை. என்ன தப்பு?

பெரும்பாலும் அனுப்புகிறவர் தன்னைப் பற்றியே எழுதுவதுதான். "உங்கள் அருமையான தளத்தைக் கண்டு வியந்தோம்" என்று ஆரம்பிப்பதைப் பார்த்தவுடனே இது ஆயிரம் பேருக்குப் போனது என்று தெரிந்துவிடும். சுருக்கமாக, அவர்கள் பக்கத்தைப் படித்ததற்கு அடையாளத்தோடு எழுதுங்கள். இப்படி:

"வணக்கம். பழைய சைக்கிளுக்கு டயர் மாற்றுவது பற்றிய உங்கள் பக்கத்தில், மூன்றாம் பத்தியில் உள்ள அளவு அட்டவணை லிங்க் இப்போது திறக்கவில்லை. 26 அங்குல வகைகளை மில்லிமீட்டரில் பிரித்துக் காட்டும் அட்டவணை எங்களிடம் இருக்கிறது, முகவரி கீழே. உங்கள் வாசகர்களுக்கு உதவும் என்று தோன்றினால் சேர்த்துக்கொள்ளலாம்."

அவ்வளவுதான். பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் போனால் தொந்தரவு. நன்றாக எழுதினாலும் பெரும்பாலானவர்கள் பதில் போட மாட்டார்கள் என்பதையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்கினால் என்ன? எல்லாரும்தானே வாங்குகிறார்கள்?

விளம்பரமாக வாங்குவதில் தவறே இல்லை, ஸ்பான்சர்ட் அல்லது நோஃபாலோ குறி இருக்கும் வரை. தரவரிசைக்காக, குறியில்லாமல் வாங்குவதுதான் கூகுளின் விதிக்கு எதிரானது. காசுக்குப் பதில் பொருள் கொடுப்பதும் அதில் அடங்கும். விமர்சனம் எழுதச் சொல்லி இலவசமாகப் பொருள் அனுப்பி, லிங்க் வேண்டும் என்று நிபந்தனை வைத்தால், அதுவும் வாங்கிய லிங்க்தான். விற்றால் கமிஷன் கிடைக்கும் அஃபிலியேட் லிங்குகளுக்கும் குறி வேண்டும்.

2011 பிப்ரவரியில் ஜேசிபென்னி என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்தின் கதையை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் அதற்கு லிங்குகள் இருந்தன. கூகுள் அதைக் கீழே தள்ளியது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்ன நிறுவனம், தன் எஸ்இஓ (தேடல் தரவரிசை) ஏஜென்சியை நீக்கியது. மறு ஆண்டு ஜனவரியில் இன்னும் வேடிக்கை: காசு வாங்கிக்கொண்டு எழுதிய பதிவுகளில் குறியில்லாத லிங்க் இருந்ததற்காகக் கூகுள் தன்னுடைய குரோம் பக்கத்தையே குறைந்தது 60 நாட்களுக்குக் கீழே இறக்கிக்கொண்டது.

இப்போது தண்டனையைவிட வீண்செலவுதான் பெரிய ஆபத்து. 2016 செப்டம்பரில் வந்த பென்குயினின் நான்காம் பதிப்பிலிருந்து, குப்பை லிங்குகளால் தளத்தையே தள்ளுவதற்குப் பதில், அந்த லிங்குகளை மதிப்பில்லாமல் ஆக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. 2022 டிசம்பரில் ஸ்பேம்பிரெய்ன் என்ற தானியங்கி அமைப்பு லிங்க் விற்கும் தளங்களைக் கண்டுபிடிக்கவும் பயன்படத் தொடங்கியது. நீங்கள் கொடுத்த காசு போகும், லிங்க் கண்ணுக்குத் தெரியும், அது எண்ணப்படாது. யாரும் உங்களுக்குத் தகவல் சொல்ல மாட்டார்கள்.

நீ எனக்குக் கொடு, நான் உனக்குக் கொடுக்கிறேன் என்று மாற்றிக்கொள்ளலாமா?

ஒரே துறையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் லிங்க் கொடுத்திருப்பது சகஜம், அதற்காக யாரும் தண்டிக்க மாட்டார்கள். விதி சொல்வது அளவுக்கு மீறிய பரிமாற்றத்தை. மாற்றிக்கொள்வதற்கென்றே "நண்பர்கள்" என்று தனிப் பக்கம் வைப்பது, தெரியாமல் இருக்க மூன்று தளங்களைச் சுற்றிவிடுவது எல்லாம் அதில் வரும்.

கெஸ்ட் போஸ்ட்?

கூகுளின் மேட் கட்ஸ் 2014 ஜனவரியிலேயே, அடுத்தவர் தளத்தில் லிங்குக்காகக் கட்டுரை எழுதும் கெஸ்ட் போஸ்ட் முடிந்த கதை என்று எழுதிவிட்டார். ஆனாலும் அது சாகவில்லை, சாகவும் தேவையில்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் படிக்கிற இடத்தில், ஆசிரியர் ஒருவர் படித்துத் திருத்தி வெளியிடும் இடத்தில், உங்கள் பெயரில் எழுதுவது நல்ல காரியம். ஒரே கட்டுரையைச் சொல் மாற்றி முப்பது தளங்களில் போடுவதும், "எங்களுக்காக எழுதுங்கள், கட்டணம் இவ்வளவு" என்ற இடத்தில் போடுவதும் மேலே சொன்ன விதிமீறல்களில் சேரும்.

நல்ல பேக்லிங்க் உள்ள காலாவதியான டொமைனை (தள முகவரியை) வாங்கி நம் தளத்துக்குத் திருப்பிவிட்டால்?

2024 மார்ச்சில் கூகுள் இதைப் பெயர் சொல்லியே விதிக்குள் கொண்டுவந்தது. பழைய டொமைனின் நற்பெயரை வைத்து, அதற்குச் சம்பந்தமில்லாத, பயனில்லாத உள்ளடக்கத்தை மேலே ஏற்றுவது ஸ்பேம். உங்கள் துறையிலேயே இருந்த ஒரு தொழிலை நிஜமாக வாங்கி, அதன் பக்கங்களை உங்கள் தளத்தில் தொடர்வது வேறு விஷயம். வாடிக்கையாளரும் சரக்கும் கூட வந்தால் அது தொழில் வாங்குவது. டொமைன் மட்டும் வந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

தளத்தைப் புதுப்பித்தோம். அதற்குப் பிறகு வருகை பாதியாகிவிட்டது. லிங்கெல்லாம் எங்கே போனது?

லிங்க் அங்கேயேதான் இருக்கிறது. அது காட்டும் முகவரி இல்லாமல் போய்விட்டது. இதுதான் நான் அதிகம் பார்க்கும் வீண் இழப்பு. பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்கு நிகரான புது முகவரிக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடாதீர்கள். கூகுள் அதை இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும், டயர் அட்டவணையைத் தேடி வந்தவரும் முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். குறைந்தது ஓர் ஆண்டாவது ரீடைரக்டை வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுக்கவே வேண்டாம் என்பேன்.

புது லிங்க் தேடக் கிளம்பும் முன்பு, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் லிங்குகள் அறிக்கையைத் திறந்து, அதிக லிங்க் கிடைத்த பக்கங்கள் இப்போதும் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். செலவே இல்லாத லிங்க் பில்டிங் இதுதான்.

ஏதேதோ குப்பைத் தளங்களிலிருந்து எங்களுக்கு லிங்க் வருகிறது. போட்டியாளர் வேலையோ? டிசவோ செய்யட்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இணையத்தில் இருக்கும் எல்லாத் தளங்களுக்கும் அப்படி லிங்க் வருகிறது, கூகுள் அதைக் கண்டுகொள்வதில்லை. "இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே" என்று கூகுளிடம் சொல்லும் டிசவோ கருவி 2012 அக்டோபரில் வந்தது. பென்குயினில் அடிபட்டவர்களுக்கு அப்போது அது தேவைப்பட்டது. இன்று, நீங்களோ உங்களுக்காக வேலை செய்தவர்களோ நிஜமாகவே லிங்க் வாங்கியிருந்து, அவற்றை எடுக்கவைக்க முடியாமல், அதனால் கூகுள் ஊழியர்கள் நேரில் பார்த்து விதிக்கும் மேனுவல் ஆக்‌ஷன் வந்திருந்தாலோ வரும் நிலையில் இருந்தாலோ மட்டும் பயன்படுத்துங்கள். சில மென்பொருள்கள் "நச்சு லிங்க்" என்று சிவப்பில் காட்டும் பட்டியலை அப்படியே ஏற்றி, நல்ல லிங்குகளையும் சேர்த்துத் துறந்தவர்கள் உண்டு.

மேனுவல் ஆக்‌ஷன் வந்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை. சர்ச் கன்சோலில் அந்தப் பெயரிலேயே ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே எதுவும் இல்லையென்றால், உங்கள் வீழ்ச்சிக்குக் காரணம் வேறு. இருந்தால், லிங்குகளை எடுக்கவைத்து, முடியாததை டிசவோவில் போட்டு, என்ன செய்தீர்கள் என்பதை ஒளிக்காமல் எழுதி மறுபரிசீலனை கேளுங்கள்.

விற்பனை கூடியிருக்கிறது. அது லிங்கால்தான் என்று எப்படித் தெரியும்?

இரண்டு பாதைகளைத் தனித்தனியாகப் பாருங்கள். லிங்கை அழுத்தி நேராக வந்தவர்கள், தள வருகையை அளக்கும் அனலிட்டிக்ஸில் பரிந்துரை வருகையாகத் தெரிவார்கள். எந்தத் தளம், எத்தனை பேர், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது அங்கே தெளிவு. தேடல் வழியாக வந்த பலன் அவ்வளவு தெளிவாக இருக்காது. சர்ச் கன்சோலில் 16 மாதத் தகவல் கிடைக்கிறது. லிங்க் கிடைத்த பக்கத்தையும், அதிலிருந்து உள் லிங்க் போகிற விற்பனைப் பக்கத்தையும், லிங்கே வராத இன்னொரு விற்பனைப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றாக ஏறியிருந்தால் அது பருவகால விற்பனை, லிங்க் அல்ல.

காலம் என்று கேட்டால், சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை. லிங்க் உள்ள பக்கத்தைக் கூகுள் மறுபடி வந்து படிக்க வேண்டும், அதுவே சில பக்கங்களுக்கு மெதுவாகத்தான் நடக்கும்.

போட்டியாளர் அப்பட்டமாக லிங்க் வாங்குகிறார், எங்களுக்கு மேலேதான் இருக்கிறார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

முதலில், அவர் மேலே இருப்பதற்கு நீங்கள் பார்த்த அந்த லிங்குகள்தான் காரணமா என்று தெரியாது. அவை எண்ணப்படாமலே போயிருக்கலாம் என்று மேலே சொன்னேன். அவருடைய லிங்க் பட்டியலை எடுத்து, வாங்கியவை போல் இருப்பதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே பத்திருபது உருப்படியான லிங்குகள் இருக்கும். யார் கொடுத்தார்கள், எந்தப் பக்கத்துக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் உங்களுக்கும் கதவு தெரியும். ஸ்பேம் புகார் கொடுக்க வழி உண்டு, கொடுக்கலாம். ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இதெல்லாம் எங்களால் முடியாது, ஏஜென்சியிடம் கொடுக்கப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?

இதற்கு முன் வாங்கிக்கொடுத்த லிங்குகளின் முகவரிகளைக் கேளுங்கள். டிஏ எண்களை அல்ல, முகவரிகளை. தளங்களின் பெயரைச் சொல்ல மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, உங்கள் வாடிக்கையாளர் இதைப் படிப்பாரா என்று பாருங்கள். லிங்க் கொடுத்தவர்களுக்குப் பணம் போனதா என்று நேராகக் கேளுங்கள். லிங்க் ஈர்க்கும் வகையில் பக்கங்களை உருவாக்கித் தருவார்களா, இல்லை இருக்கிற பக்கத்துக்கே லிங்க் தேடுவார்களா என்பதும் முக்கியம். இரண்டாவது என்றால், டயர் விற்கிற பக்கத்துக்கு யார் லிங்க் கொடுப்பார்கள் என்ற பழைய கேள்விக்கு அவர்களிடம் என்ன பதில் இருக்கிறது என்று கேளுங்கள்.

எந்தெந்தத் தளங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள், என்ன எழுதினார்கள் என்பதை மாதாமாதம் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் போகிற கடிதம் அது.